வீடு தேடி மாத்திரை வருகிறது. நம் வயல் பயறும் கீரையும் எப்போது வரும்?



2024 நவம்பர் 15ஆம் தேதி, நம் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள குழந்தைகள் மையத்தில் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். பிறந்து ஆறு மாதத்துக்குள், எடை மிகவும் குறைந்துபோன குழந்தைகளின் தாய்மார்களுக்கு நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து மருந்து அடங்கிய ஒரு பெட்டகம் கொடுக்கப்பட்டது. அன்று அதைப் பலரும் ஓர் உதவித் திட்டமாகத்தான் பார்த்தார்கள். வேளாண்மைக் கண்ணோடு பார்த்தால் அதில் வேறொரு செய்தியும் இருக்கிறது. எடை பார்த்து, குறைபாட்டின் அளவைக் கணக்கிட்டு, இன்னாருக்கு இன்ன உணவு இத்தனை நாளைக்கு என்று அரசே எழுதிக் கொடுக்கிறது. மருத்துவர் மாத்திரை எழுதுவதும் இப்படித்தான்.

உணவை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் இந்த முறை இப்போது உலகின் பல நாடுகளில் பேசப்படுகிறது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு, அந்தந்த வட்டாரத்தில் விளையும் காய்கறி, கீரை, பழம், பயறு ஆகியவற்றை மருத்துவமனை வழியாகவே கொடுப்பது என்பதுதான் அது. நம் பகுதிக்கு இது பொருந்துமா, விவசாயிக்கு இதில் என்ன லாபம், எங்கே எச்சரிக்கை தேவை என்பதைப் பார்ப்போம்.

நோயின் அளவு எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடிப் பேர் அந்த நோயின் வாசலில் நிற்கிறார்கள். நாட்டுச் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

இதில் பாதி கவலை நோய் வந்ததைப் பற்றியது. மீதிப் பாதி, வந்த நோய் கட்டுக்குள் இல்லை என்பது. தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த சுகாதாரக் கணக்கின்படி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் வெறும் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. இந்த நிலையில்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அதன்பின் எடுத்த இரண்டாம் சுற்றுக் கணக்கில் கட்டுப்பாட்டு அளவு இரண்டு நோய்க்கும் சுமார் 17 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. 2024இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது.

இது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இன்னும் நோய் கட்டுக்குள் வரவில்லை. மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. தட்டில் இருக்கும் சோறு மாறவில்லை. சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் போனால் காலில் ஆறாத புண், கண் பார்வைக் குறைவு, சிறுநீரகப் பழுது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்தச் செலவுக்கு நகையும் நிலமும் அடமானம் போன குடும்பங்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். விவசாயிக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. காலில் உணர்ச்சி இல்லாதவர் சேற்றில் இறங்கி வேலை செய்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது.

நம் தட்டில் என்ன குறை?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டது. நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவுப் பழக்கத்தால் வருவது என்று அது சொல்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய உணவையும் அது கிராம் கணக்கில் எழுதித் தருகிறது. 2,000 கலோரி தேவைப்படுபவருக்குத் தானியம் 250 கிராம், பயறு வகை 85 கிராம், கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டை வகை 35 கிராம், பால் 300 மில்லி. உப்பு 5 கிராமுக்கு மேல் கூடாது. அதாவது ஒரு தேக்கரண்டி.

இதை நம் வீட்டுச் சமையலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் இட்லி அல்லது பழைய சோறு, மதியம் சோறு, இரவும் சோறு. தானியம் அளவைத் தாண்டிவிடுகிறது. பயறு, சாம்பாரில் கரைந்துபோகும் அளவுக்குத்தான் இருக்கிறது. காய் என்பது ஒரு கரண்டிப் பொரியல். பழம் விருந்தாளி வந்தால்தான். முன்பு ஏர் ஓட்டி, நாற்று நட்டு, கதிர் அறுத்து உடம்பு உழைத்தபோது அந்தச் சோறு செரித்தது. இன்று டிராக்டரும் அறுவடை எந்திரமும் வந்துவிட்டன. உழைப்பு குறைந்தது, சோறு குறையவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அதே ஆய்வுத் தொடரில் 2025இல் வந்த உணவுப் பகுதி, நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. பெரும்பகுதி தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை. அதே ஆய்வு நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றையும் சொல்கிறது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிட்டால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைந்துவிடவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, பால் போன்ற புரத உணவு வந்தபோதுதான் அபாயம் குறைவாகக் காணப்பட்டது.

சிறுதானியம் நல்லது, மந்திரம் அல்ல

2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து 'வரகு சாப்பிட்டால் சர்க்கரை ஓடிவிடும்' என்ற பேச்சு பரவிவிட்டது. இதை நம்பி மூன்று வேளையும் வயிறு முட்ட வரகுச் சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். வரகு, சாமை, தினை, குதிரைவாலி, கம்பு, கேழ்வரகு எல்லாவற்றிலும் தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்தும் தாது உப்புகளும் கூடுதல். அதனால் சோற்றில் ஒரு பங்கை இவற்றால் மாற்றுவது நல்லது. ஆனால் இவையும் தானியம்தான். இவற்றிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான்.

எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். முழுத் தானியமாகச் சமைத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். அதையே நைசாக அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் வேகமாக ஏறும். கடையில் வாங்கும் சிறுதானிய பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும் எவ்வளவு என்று உறையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

எளிய கணக்கு இதுதான். தட்டில் பாதி காயும் கீரையும். கால் பாகம் பயறு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்று. மீதிக் கால் பாகம் சோறு அல்லது சிறுதானியம். நம் பகுதியில் உணவுச் சீட்டு எழுதுவதாக இருந்தால் அதன் முதல் வரியில் பயறும் காயும்தான் வர வேண்டும். சிறுதானியம் அடுத்த வரியில் வரட்டும்.

வெளிநாட்டு அனுபவம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்திலேயே காய்கறி, பழத்தை மருத்துவர் எழுதிக் கொடுக்கும் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கினார்கள். சுகாதாரச் சட்டத்தில் இல்லாமல் வேளாண் சட்டத்தில் அது இடம்பெற்றது என்பதைக் கவனியுங்கள். நோயாளிக்கு உணவு கிடைப்பதும் விவசாயிக்குச் சந்தை கிடைப்பதும் ஒரே வேலை என்று அவர்கள் பார்த்தார்கள்.

பலன் என்ன? அங்கே 12 மாநிலங்களில் ஒன்பது திட்டங்களில் இருந்த சுமார் 4,000 பேரின் விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்த முடிவு 2023இல் வெளியானது. காய், பழம் அதிகம் சாப்பிட்டார்கள். ரத்த அழுத்தமும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, உணவு பெறாத குழு ஒன்று அதில் இல்லை.

அதே 2023இன் கடைசியில் இன்னொரு ஆய்வு வந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வீட்டில் எல்லோருக்கும் வாரம் பத்து வேளைக்கான நல்ல உணவும், உணவு ஆலோசகரின் வழிகாட்டுதலும். மற்றக் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்து மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை முதல் குழுவில் 1.5 புள்ளி குறைந்தது. இரண்டாம் குழுவிலும் 1.3 புள்ளி குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை.

இதை வைத்து உணவு பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. பையில் காய்கறியைப் போட்டுக் கொடுத்துவிட்டால் மட்டும் நோய் இறங்காது. கொடுத்ததைச் சமைத்தார்களா, பழைய சோற்றளவைக் குறைத்தார்களா, மாத்திரையை ஒழுங்காகப் போட்டார்களா என்று தொடர்ந்து பார்க்க ஆள் வேண்டும். உரம் போட்டால் போதாது, அது வேருக்குப் போனதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? நம் ஊரில் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார். மாதந்தோறும் வீட்டுப் படியேறும் சுகாதாரத் தன்னார்வலர்தான் அவர். அமெரிக்காவில் புதிதாக உருவாக்க வேண்டியிருந்த ஏற்பாடு நம்மிடம் கையிலேயே இருக்கிறது.

நம் மண்ணில் என்ன இருக்கிறது?

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை செம்மண் மேட்டில் முந்திரியும் மணிலாவும் இருக்கின்றன. தா.பழூர், திருமானூர் பக்கம் கொள்ளிடக் கரைப் பாசனத்தில் நெல்லும், நெல்லுக்குப் பின் உளுந்தும் வருகின்றன. பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, கறவை மாடு. முருங்கைக்கான சிறப்பு ஏற்றுமதி மண்டலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏழு மாவட்டங்களில் அரியலூரும் ஒன்று. ஏற்றுமதிக்கு முருங்கை இலைப் பொடி போகிறது. பக்கத்து வீட்டுச் சர்க்கரை நோயாளியின் தட்டில் முருங்கைக்கீரை வாரம் ஒரு முறைகூட இல்லை.

ஆக, உணவுச் சீட்டில் எழுத வேண்டிய சரக்கில் பெரும்பாலானது இந்த மண்ணில் விளையக் கூடியதுதான். பிறகு ஏன் விளைவிப்பது குறைந்தது? காரணம் விவசாயியின் சோம்பல் அல்ல, விலை. மக்காச்சோளம் போட்டால் நாமக்கல் கோழித் தீவனத்துக்கு வாங்க வியாபாரி களத்துக்கே வருகிறார். வரகு, சாமை, தினைக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையே கிடையாது. சிறுதானியத்தில் சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றுக்குத்தான் அந்த விலை உண்டு. 2025-26இல் குவிண்டாலுக்குக் கேழ்வரகு 4,886 ரூபாய், கம்பு 2,775 ரூபாய், உளுந்து 7,800 ரூபாய், துவரை 8,000 ரூபாய், மக்காச்சோளம் 2,400 ரூபாய். விலை அறிவிப்பு ஒரு பக்கம். அந்த விலைக்கு வாங்கும் கை இருக்கிறதா என்பது இன்னொரு பக்கம். வரகை உமி நீக்கித் தர பக்கத்தில் எந்திரம் இல்லாவிட்டால் வீட்டுச் சமையலுக்குக்கூட அது வராது.

2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். வாங்குபவர் உறுதியானால் விளைவிப்பவரும் துணிந்து விதைப்பார். உணவுச் சீட்டின் உண்மையான பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆசைக்கு வாங்குபவர் அடுத்த வாரம் வாங்காமல் இருக்கலாம். மருந்தாக எழுதிக் கொடுத்தால் வாராவாரம் வேண்டும்.

ஓர் ஊருக்கு எவ்வளவு வேண்டும்?

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஓர் ஊராட்சியில் 100 நோயாளிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளைக்கு 85 கிராம் பயறு என்றால் மாதம் சுமார் 2.5 கிலோ. நூறு பேருக்கு ஆண்டுக்கு மூன்று டன்னுக்குச் சற்று மேல். மானாவாரியில் ஏக்கருக்கு 300 கிலோ பயறு என்று குறைத்தே வைத்தாலும் சுமார் பத்து ஏக்கர் போதும்.

காய்கறியும் கீரையும் ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் என்றால் மாதம் 12 கிலோ. நூறு பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 14.5 டன். தண்ணீர் வசதியுள்ள இரண்டு மூன்று ஏக்கரில் வெண்டை, கத்தரி, அவரை, கொத்தவரை, முருங்கை, கீரை என்று மாற்றி மாற்றிப் போட்டால் இது கிடைக்கும். ஆக, பன்னிரண்டு பதின்மூன்று ஏக்கரில் ஓர் ஊர் நோயாளிகளின் தேவை முடிந்துவிடுகிறது. ஊர் முழுவதும் மக்காச்சோளத்தை விட்டுவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து விவசாயிகள் ஆளுக்கு ஓர் ஏக்கர் ஒதுக்கினால் போதும்.

இதற்குப் பணம் யார் தருவது என்பதுதான் பெரிய கேள்வி. நோயாளிகளில் பலர் கூலி வேலை செய்பவர்கள். மாதம் 12 கிலோ காய்கறியைக் கைக்காசில் வாங்க அவர்களால் முடியாது. வாரணவாசியில் தொடங்கிய பெட்டகத்துக்கு அரசு பணம் கொடுக்கிறது. பள்ளிக் காலை உணவுக்கும் கொடுக்கிறது. அதேபோல ஒரு வட்டாரத்தில், சர்க்கரை கட்டுக்குள் வராதவர்களுக்கு மட்டும், ஓராண்டுக்கு இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையம் சீட்டு எழுத, விவசாயிகள் குழு சரக்குத் தர, மகளிர் சுய உதவிக் குழு பொட்டலமிட, தன்னார்வலர் வீட்டில் சேர்க்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து பலனை அளக்க வேண்டும். பலன் தெரிந்தால் விரிவாக்கலாம். தெரியாவிட்டால் எங்கே ஓட்டை என்று பார்க்கலாம். கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக வைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

திட்டம் வரும்வரை நாம் என்ன செய்யலாம்?

1. வீட்டுக்கு முதலில். 2025 ஜூலை 4ஆம் தேதி தமிழ்நாடு அரசு 'ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம்' தொடங்கியது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதை அடங்கிய தொகுப்பு, பப்பாளி, கொய்யா, எலுமிச்சைச் செடித் தொகுப்பு, துவரை, காராமணி, அவரை விதைத் தொகுப்பு ஆகியவை இதில் உண்டு. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் வேளாண் விரிவாக்க மையத்திலும் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

2. பயறுக்கு இடம் கொடுங்கள். வம்பன் 8 உளுந்து 65 முதல் 75 நாளில் வந்துவிடும். மானாவாரியில் பின்பருவ ஈரத்துக்குப் பையூர் 2 கொள்ளு நல்லது. மணிலாவில் ஊடுபயிராகத் துவரை போடலாம். வரப்பிலும் துவரை நிற்கும். இளம் முந்திரித் தோப்பில் முதல் சில ஆண்டுகள் இடைவெளியில் மணிலாவோ பயறோ விதைக்கலாம்.

3. மக்காச்சோளத்தில் ஊடுபயிராக உளுந்து போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனி மக்காச்சோளத்துக்குத் தெளிக்கும் அட்ரசின் களைக்கொல்லி உளுந்தைக் கொன்றுவிடும். ஊடுபயிர் இருந்தால் பெண்டிமெத்தலின்தான் பயன்படுத்த வேண்டும். அளவை வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. வீட்டுக்கு இரண்டு முருங்கை. பி.கே.எம்.1 விதை ஊன்றினால் ஆறாம் மாதத்திலிருந்து காய் பார்க்கலாம். நுனி கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடித்துக் கீரையும் தொடர்ந்து கிடைக்கும்.

5. நோயாளிக்குப் போகும் காயில் நஞ்சு இருக்கக் கூடாது. மருந்து தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும்; அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். மோனோகுரோட்டோபாஸ் காய்கறிக்குத் தடை செய்யப்பட்ட மருந்து. கீரைக்குப் பூச்சிக்கொல்லியே வேண்டாம். வேப்பங்கொட்டைக் கரைசல் போதும்.

6. மணிலாவை நன்றாகக் காயவைத்து, பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் கல்லீரலைக் கெடுக்கும் பூஞ்சை நஞ்சு உண்டாகும்.

7. பொட்டலமிட்டு விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று உறையில் அச்சடிக்காதீர்கள். அப்படி விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், நோயாளியை ஏமாற்றுவதும்கூட. விளைந்த ஊர், அறுவடை செய்த தேதி, எடை இவற்றை எழுதுங்கள். நம்பிக்கை அதில்தான் வரும்.

நோய் உள்ளவர்கள் மறக்கக் கூடாதவை

விவசாயிகளில் பலரும் நோயாளிகளாக இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உணவை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சோற்றை வெகுவாகக் குறைத்தால் ஏற்கெனவே போடும் மாத்திரையோ இன்சுலினோ அளவு மிஞ்சி, சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல், கண் இருட்டுதல் அதன் அறிகுறி. வயலில் தனியாக இருக்கும்போது இது வந்தால் உயிருக்கே ஆபத்து. உணவை மாற்றும் முன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை அளவை அவரே மாற்றட்டும். இன்சுலின் போடுபவர்கள் வயலுக்குப் போகும்போது மடியில் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்குக் கீரை, முருங்கை, பயறு, பழம் எல்லாமே அளவு பார்த்துத்தான். ஆரோக்கியமானவருக்கு நல்லதான பொட்டாசியமும் புரதமும் அவர்களுக்குக் கெடுதலாகலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுபவர்களும் கீரை அளவைத் திடீரெனக் கூட்டாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பிட்ட முந்திரி, ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றைக் குறைக்க வேண்டும். உப்பில்லாத வறுத்த மணிலா ஒரு கைப்பிடி, விலை கூடிய எந்தக் கொட்டைக்கும் குறைந்ததல்ல.

முடிவாக

சுகாதாரத் துறை மாத்திரையை வீட்டு வாசல்வரை கொண்டுவந்துவிட்டது. சமூக நலத் துறை தாய்க்கும் குழந்தைக்கும் சத்துப் பெட்டகம் தருகிறது. வேளாண் துறை விதைத் தொகுப்பு தருகிறது. மூன்றும் ஒரே ஊருக்கு வருகின்றன. ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இந்த மூன்றையும் ஒரு சீட்டில் இணைத்தால் நோயாளிக்கு மாதம் இரண்டரைக் கிலோ பயறும் பன்னிரண்டு கிலோ காயும், பக்கத்து வயல்காரருக்கு ஆண்டு முழுவதும் விற்பனையும் உறுதியாகும்.

அந்த இணைப்பு மேலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பட்டத்தில் ஒரு கால் ஏக்கர் பயறுக்கும், கொல்லையில் இரண்டு சென்ட் காய்கறிக்கும் ஒதுக்கி, விளைந்ததை விற்கும் முன் வீட்டுக்கு எடுத்து வையுங்கள். அடுத்த முறை தன்னார்வலர் ரத்த அழுத்தம் பார்க்க வரும்போது, அளவைக் குறித்து வைத்து மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றபடி பயிர் ரகம், விதை கிடைக்கும் இடம் பற்றிய விவரங்களுக்கு உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையும், வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகிப் பயன்பெறலாம்.